மின்னணுக் கழிவிலிருந்து மேசைமேல் உற்பத்திக் கருவிகள்

பழுதாகியோ பழையதாகியோ ஒதுக்கப்பட்ட அச்சுப்பொறி, ஸ்கேனர், டிவிடி டிரைவ், கணினிப் பெட்டி ஆகியவற்றின் உறுப்புகளைக் கழற்றி, அவற்றைக் கொண்டு கணினியால் இயங்கும் சிறிய உற்பத்திக் கருவிகளை அமைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உள்ளது. பேனாவால் படம் வரையும் பிளாட்டர், மரத்தின் மீதும் தோலின் மீதும் எழுத்துப் பொறிக்கும் லேசர் கருவி, மெழுகு போன்ற மென்மையான பொருள்களைச் செதுக்கும் சிறு சிஎன்சி பொறி, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் உருவாக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது, 2013-ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுத் தலைநகரான லோமேயில் உருவான முப்பரிமாண அச்சுப்பொறி.

இக்கருவிகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு முதலில் எழும் ஐயம், குப்பையிலிருந்து எடுத்த பொருளால் நுட்பமான வேலை எப்படி நடக்கும் என்பதே. அதற்கு விடை காண, இத்தகைய பொறியில் விலை உயர்ந்தது எது என்று பார்க்க வேண்டும்.

விலை எங்கே இருக்கிறது

கணினியால் இயங்கும் எந்த உற்பத்திக் கருவிக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். ஒரு முனையை, சொன்ன இடத்துக்குச் சொன்ன வேகத்தில் நகர்த்த வேண்டும். முனையில் பேனா இருந்தால் அது வரைபொறி. லேசர் இருந்தால் பொறிக்கும் கருவி. சூடான குழாய் இருந்தால் முப்பரிமாண அச்சுப்பொறி. முனைகள் மாறினாலும் அவற்றை நகர்த்தும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றேதான்.

அந்த நகர்த்தும் அமைப்புதான் செலவு பிடிப்பது. அதற்கு நேராகக் கடைந்து மெருகேற்றிய எஃகுத் தண்டு வேண்டும். அத்தண்டின் மேல் ஆட்டமின்றி வழுக்கிச் செல்லும் தாங்கி வேண்டும். சீரான புரியுள்ள திருகுத் தண்டோ பல்வரிசையுள்ள பட்டையோ வேண்டும். இவற்றை ஊர்ப் பட்டறையில் கடைந்து செய்வது எளிதன்று. செய்தாலும் விலை கட்டுப்படியாகாது.

ஆனால் இதே உறுப்புகள் எல்லாம் ஒரு பழைய அச்சுப்பொறிக்குள் இருக்கின்றன. காகிதத்தின் குறுக்கே மைத்தலையைத் துல்லியமாக ஓட்டுவதற்காகத் தொழிற்சாலையில் அவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. மைப்பெட்டி அடைத்துக்கொண்டதாலோ மின்சுற்று எரிந்துபோனதாலோ அந்தப் பொறி தூக்கி எறியப்பட்டிருக்கும். தண்டுக்கும் தாங்கிக்கும் பெரும்பாலும் எந்தக் குறையும் வந்திருக்காது. பழைய இரும்பு வாங்குபவருக்கு அது எடைக்கு விற்கும் இரும்பு. பொறி அமைப்பவருக்கு அது முன்பே துல்லியமாக்கப்பட்ட இரும்பு.

மோட்டாரும் அப்படித்தான். மின்விசிறியில் உள்ள சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சுற்றியது என்று அதற்குத் தெரியாது. ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் படிமோட்டார் வேறு வகை. அதனுள் தனித்தனிக் கம்பிச் சுருள்கள் உண்டு. அவற்றுக்கு முறை மாற்றி மின்சாரம் கொடுக்கும்போது, அச்சு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கோணம் மட்டும் திரும்பி நிற்கும். முப்பரிமாண அச்சுப்பொறிகளில் மிகுதியாகப் பயன்படும் வகை ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் கொண்டது. அதாவது ஒரு படிக்கு 1.8 பாகை. எத்தனை படி நகர்த்தினோம் என்று கணினி எண்ணிக்கொண்டால் போதும், முனை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இடத்தை அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி, ஸ்கேனர், ஃபிளாப்பி டிரைவ், டிவிடி டிரைவ் எனப் பழைய பொருள்கள் பலவற்றுள் படிமோட்டார் உண்டு.

காப்புரிமை முடிந்தபோது

உறுப்புகள் குப்பையில் கிடந்தாலும், அவற்றை எப்படிச் சேர்ப்பது என்ற வரைபடமும் அவற்றை ஓட்டும் மென்பொருளும் இல்லாவிட்டால் பயனில்லை. அவை பொதுச் சொத்தாகக் கிடைத்தது அண்மைக் காலத்தில்தான்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறையை அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் 1980-களின் இறுதியில் உருவாக்கினார். 1989-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் நிறுவிய ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனம் இம்முறையில் பொறிகளைச் செய்து விற்றது. அவை பெரிய தொழிற்சாலைகளுக்கே கட்டுப்படியாகும் விலையில் இருந்தன. அந்த அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆசிரியராக இருந்த ஏட்ரியன் பௌயர், தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பொறி ஒன்றைச் செய்யும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். 2005-இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு ரெப்ராப் என்று பெயர். முதல் பொறிக்கு டார்வின் என்றும் அடுத்ததற்கு மெண்டல் என்றும் பெயரிட்டனர். உயிர்கள் இனம் பெருக்கி மாறுவதை ஆராய்ந்த இருவரின் பெயர்கள் அவை. 2008 மே மாதத்தில் ஒரு டார்வின் பொறி அச்சிட்ட உறுப்புகளைக் கொண்டு இன்னொரு டார்வின் பொறி அமைக்கப்பட்டது. வரைபடங்கள், மின்சுற்றுகள், மென்பொருள் அனைத்தும் எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய உரிமத்துடன் வெளியிடப்பட்டன. செக் நாட்டு இளைஞரான யோசஃப் புரூசா மெண்டல் பொறியை எளிமைப்படுத்தியதும் இந்த உரிமத்தின் துணையால்தான்.

இன்னொரு துணை இத்தாலியிலிருந்து வந்தது. இவ்ரேயா நகரில் 2005-இல், வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையும் திறந்த வடிவமைப்பே. அதன் ஊனோ வகையில் உள்ள சில்லின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. ஒரு கைப்பேசிப் படம்கூட அதில் அடங்காது. ஆனாலும் மூன்று படிமோட்டார்களை ஒருங்கே ஓட்டுவதற்கு அது போதும். அந்தச் சிறு இடத்துக்குள் அடங்கும்படி எழுதப்பட்ட ஜி.ஆர்.பி.எல் என்ற இலவச மென்பொருள் வரைபொறிகளையும் செதுக்குபொறிகளையும் ஓட்டுகிறது. முப்பரிமாண அச்சுப்பொறிகளுக்கு மார்லின் என்ற மென்பொருள் 2011 முதல் பயன்பாட்டில் உள்ளது.

லோமே நகரின் பொறி

டோகோ கினியா வளைகுடாவை ஒட்டிய சிறிய நாடு. அதன் தலைநகரான லோமே ஒரு துறைமுக நகரம். ஐரோப்பாவில் பயன்படுத்தி முடித்த மின்னணுப் பொருள்கள் மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்குவது நெடுநாளாக உள்ள சிக்கல். வருபவற்றுள் ஒரு பகுதி பழுது நீக்கி விற்கப்படுகிறது, மீதி குப்பையாகிறது. லோமேயிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில், கானாவின் அக்ரா நகரில் உள்ள அக்போக்புளோஷி என்ற இடம், செம்பை எடுப்பதற்காக மின்கம்பிகளைத் திறந்தவெளியில் எரித்த இடமாக உலகெங்கும் பேசப்பட்டது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். அங்கே ஓர் அச்சுப்பொறிக்குக் கிடைத்த மதிப்பு, அதிலிருந்த செம்பும் இரும்பும் அலுமினியமும் எடைக்குப் பெறும் விலை மட்டுமே.

லோமேயில் கட்டடக் கலைஞர் செனாமே கோஃபி அக்போஜினு 2012-இல் வோலேப் என்ற பொதுப் பட்டறையைத் தொடங்கினார். அப்பகுதி மக்கள் வந்து கணினியையும் கருவிகளையும் கற்றுப் பயன்படுத்துவதற்கான இடம் அது. அங்கு சேர்ந்த கோட்ஜோ அஃபாத்தே ஞிக்கு, ரெப்ராப் வழிவந்த புரூசா மெண்டல் வடிவமைப்பைத் தழுவி, பழைய கணினி, அச்சுப்பொறி, ஸ்கேனர் ஆகியவற்றிலிருந்து எடுத்த உறுப்புகளைக் கொண்டு ஒரு முப்பரிமாண அச்சுப்பொறியை அமைத்தார். அதற்கான பணத்தின் ஒரு பகுதி, இணையத்தில் பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டப்பட்டது. டபிள்யூ.அஃபாத்தே என்று பெயர் பெற்ற அப்பொறிக்கு ஏறத்தாழ 100 டாலர் செலவானது என்று அக்காலச் செய்திகள் கூறின. 2012-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேக்கர்பாட் ரெப்ளிகேட்டர் 2 என்ற மேசைமேல் அச்சுப்பொறியின் விலை 2,199 டாலர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாசா நடத்திய ஸ்பேஸ் ஆப்ஸ் சேலஞ்ச் போட்டியின் பாரிஸ் பிரிவில் 2013-இல் இத்திட்டம் பரிசும் பெற்றது.

இந்தச் செய்தியைப் பலர் "முழுவதும் குப்பையாலான அச்சுப்பொறி" என்று சுருக்கி எழுதினர். அது சரியன்று. பிளாஸ்டிக்கை உருக்கும் பகுதி போன்ற சில உறுப்புகளைப் புதிதாகவே வாங்க வேண்டியிருந்தது. இதனால் அம்முயற்சியின் மதிப்பு குறைந்துவிடாது. எவை குப்பையில் கிடைக்கும், எவை கிடைக்கா என்று பிரித்தறிவதே இவ்வேலையின் முதல் பாடம்.

லோமே பொறி காட்டிய இன்னொரு சிக்கல் அதைவிடப் பெரியது. ரெப்ராப் பொறி உலகெங்கும் பரவியதற்குக் காரணம், அதன் உறுப்புப் பட்டியலில் உள்ள மோட்டாரும் தண்டும் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே அளவில் கிடைத்ததுதான். கழிவுப் பொருளுக்கு அப்படி ஒரு பட்டியல் எழுத முடியாது. இன்று கிடைத்த ஸ்கேனரில் 8 மி.மீ. தண்டு இருக்கலாம், அடுத்த வாரம் கிடைப்பதில் 6 மி.மீ. இருக்கலாம். ஒருவர் செய்ததை அப்படியே இன்னொருவர் செய்ய இயலாது. ஒவ்வொரு பொறியும், கிடைத்த உறுப்புக்கேற்ப மறுபடி வடிவமைக்கப்பட வேண்டும். ஆகவே இங்கே பரவ வேண்டியது பட்டியலன்று, கணக்குப் போடும் முறை. அதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

டிவிடி டிரைவிலிருந்து வரைபொறி

மாணவர்கள் தொடங்குவதற்கு ஏற்றது, இரண்டு பழைய டிவிடி ரைட்டர்களிலிருந்து செய்யும் வரைபொறி. டிரைவின் உறையைக் கழற்றினால், லென்ஸைத் தாங்கிய சிறு வண்டி ஒன்று இரண்டு எஃகுத் தண்டுகளின் மேல் ஓடுவதைக் காணலாம். ஒரு சிறு படிமோட்டார், தன் அச்சோடு சேர்ந்த திருகுத் தண்டைச் சுழற்றி அந்த வண்டியை நகர்த்துகிறது. இந்த அமைப்பு முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், பிரிக்கக் கூடாது. ஒன்று இடவலமாகவும் மற்றொன்று முன்பின்னாகவும் இருக்குமாறு, ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் பொருத்தினால் வரைபொறியின் எலும்புக்கூடு தயார். ஒரு வண்டியின் மேல் காகிதம் வைக்கும் தட்டு. மற்றதன் மேல் பேனா. பேனாவைத் தூக்கி இறக்க மூன்றாவது டிரைவையோ ஒரு சிறு செர்வோ மோட்டாரையோ பயன்படுத்தலாம்.

பழைய சிடி டிரைவ்கள் பலவற்றில் படிமோட்டார் இராது. பற்சக்கரத்தோடு கூடிய சாதாரண மோட்டாரே இருக்கும். அது இதற்கு உதவாது. மோட்டாரிலிருந்து வெளிவரும் கம்பிகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும்: இரண்டு என்றால் சாதாரண மோட்டார், நான்கு என்றால் படிமோட்டார்.

அந்த நான்கு கம்பிகளில் எவை இரண்டு ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். மின்தடை காட்டும் இணை ஒரு சுருள். பெரும்பாலும் 10 ஓம் அளவில் இருக்கும். வேறு சுருளின் கம்பிகளுக்கிடையே மின்தடை காட்டாது. மல்டிமீட்டர் இல்லாவிட்டாலும் வழியுண்டு. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்து அச்சைக் கையால் திருப்ப வேண்டும். வழக்கத்தைவிடக் கடினமாகத் திரும்பினால் அவை ஒரே சுருள். சுழலும் காந்தம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுவதும், அம்மின்னோட்டம் சுழற்சியை எதிர்ப்பதும் இதற்குக் காரணம். பாடநூலில் உள்ள லென்சு விதியை விரல் நுனியில் உணர இதைவிட எளிய சோதனை அரிது.

மோட்டாரை ஆர்டுயினோவோடு நேரடியாக இணைக்கக் கூடாது. அதன் ஊசிகள் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கா. இடையே ஒரு டிரைவர் பலகை வேண்டும். ஏ4988 என்ற சில்லுள்ள பலகை மலிவாகக் கிடைக்கிறது. அதில் மோட்டாருக்கென்று கொடுக்கும் மின்னழுத்தம் குறைந்தது 8 வோல்ட் இருக்க வேண்டும். டிவிடி மோட்டார் 5 வோல்ட்டுக்கானது என்று எண்ணி 5 வோல்ட்டே கொடுத்து, பொறி ஓடவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. 12 வோல்ட் கொடுத்து, பலகையில் உள்ள சிறு திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் குறைத்து வைப்பதே சரியான முறை. மோட்டார் கை பொறுக்காத அளவு சுட்டால் இன்னும் குறைக்க வேண்டும்.

இனி கணக்கு. பெரும்பாலான டிவிடி டிரைவ்களில் இந்த மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 20 படிகள். திருகுத் தண்டு ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3 மி.மீ. நகரும். ஆகவே ஒரு படிக்கு 0.15 மி.மீ. ஏ4988 சில்லு ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்க வல்லது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 320 நுண்படிகள். 320-ஐ 3-ஆல் வகுத்தால் 106.67. ஒரு மில்லிமீட்டர் நகர இத்தனை நுண்படிகள் வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஓர் எண்ணில்தான் மோட்டாரின் தன்மை, திருகின் தன்மை எல்லாம் அடங்கிவிடுகின்றன.

எண் சரிதானா என்று சோதிக்கவும் வேண்டும். 30 மி.மீ. கோடு வரையச் சொல்லி, வரைந்ததை அளந்து பார்க்க வேண்டும். அது 28.8 மி.மீ. மட்டுமே இருந்தால், 106.67-ஐ 30-ஆல் பெருக்கி 28.8-ஆல் வகுக்க 111.11 கிடைக்கும். அதுவே அந்தக் குறிப்பிட்ட டிரைவுக்கான எண். எந்த ஊர்க் குப்பையில் எந்த நிறுவனத்தின் டிரைவ் கிடைத்தாலும் இந்த முறை மாறாது. கழிவுப் பொருளின் ஒழுங்கின்மையை மென்பொருளின் ஓர் எண் விழுங்கிவிடுவதாலேயே இக்கருவிகள் சாத்தியமாகின்றன.

பட்டையில் இயங்கும் அமைப்புக்கும் இதே கணக்குதான். அங்கே ஒரு மயக்கம் நேரக்கூடும். இன்றைய முப்பரிமாண அச்சுப்பொறிப் பட்டைகளில் பற்களின் இடைவெளி 2 மி.மீ. பழைய அச்சுப்பொறிகளில் காணப்படும் எம்எக்ஸ்எல் வகைப் பட்டையில் அது 2.032 மி.மீ. (அங்குலத்தில் 0.08). கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாற்றி எண்ணிவிட்டால் 100 மி.மீ. என்று எண்ணியது 101.6 மி.மீ. ஆகிவிடும். படத்தில் இது தெரியாது. ஒரு மூடி புட்டியில் பொருந்தாமல் போகும்போது தெரியும்.

வரைபொறி வரையும் பரப்பு ஏறத்தாழ 4 செ.மீ. சதுரமே. இது ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு வட்டே காரணம். 12 செ.மீ. விட்டமுள்ள டிவிடி வட்டில் தகவல் பதிவது மையத்திலிருந்து 24 மி.மீ. முதல் 58 மி.மீ. வரை மட்டுமே. அந்த 34 மி.மீ. தொலைவைக் கடந்தால் போதும் என்பதால், அதற்குச் சற்றே கூடுதலான நீளத்தில்தான் டிரைவின் திருகுத் தண்டு இருக்கிறது.

இன்னொரு தவறான கருத்தையும் இங்கே திருத்த வேண்டும். டிவிடி வட்டில் தகவல் தடங்களின் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், ஆகவே இந்த மோட்டாரும் அவ்வளவு துல்லியமானது என்று எழுதுபவர்கள் உள்ளனர். ஒரு படிக்கு 150 மைக்ரோமீட்டர் நகரும் மோட்டாரால் அது முடியாது. மோட்டார் செய்வது வண்டியைத் தோராயமான இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது மட்டுமே. அதன்பின் தடத்தைத் தேடிப் பிடிப்பது, நுண்ணிய கம்பிகளில் தொங்கும் லென்ஸைக் காந்தச் சுருளால் அசைக்கும் வேறோர் அமைப்பு. வரைபொறியில் உண்மையாக எதிர்பார்க்கக்கூடிய துல்லியம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. பேனாவின் நுனி அதைவிடத் தடிமனானது என்பதால் இதுவே தாராளம்.

இத்தகைய வரைபொறியால் பயனுள்ள வேலையும் நடக்கும். செம்புத் தகடு ஒட்டிய பலகையில் அழியாத மைப் பேனாவால் மின்சுற்றின் பாதைகளை வரைந்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மை இல்லாத இடத்துச் செம்பு கரைந்து மின்சுற்றுப் பலகை கிடைக்கும். ஆனால் செதுக்குவதற்கு இது ஏற்றதன்று. ஒரு லென்ஸை மட்டுமே சுமப்பதற்கென்று அமைந்த வண்டி, வெட்டும் கருவியின் எதிர்விசையைத் தாங்காது. மோட்டார் படிகளைத் தவறவிடும். படி தவறியது கணினிக்குத் தெரியாது என்பதால் அதன்பின் வரைவதெல்லாம் இடம் மாறிப்போகும்.

முப்பரிமாண அச்சுக்கு வரும்போது

மூன்று டிவிடி டிரைவ்களால் 4 செ.மீ. கனசதுரத்துக்குள் அச்சிடும் பொறிகளையும் பலர் செய்துள்ளனர். ஒரு சட்டைப் பொத்தான், சிறு பற்சக்கரம் போன்றவை அதில் அடங்கும். பெரிதாக வேண்டுமென்றால் ஸ்கேனர், பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஆகியவற்றின் நீண்ட தண்டுகளையும் வலுவான மோட்டார்களையும் நாட வேண்டும். பிற்காலத்து இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் பலவற்றில் படிமோட்டாருக்குப் பதிலாக, கோடுகள் அச்சிட்ட ஒரு கண்ணாடித்தாள் பட்டையைப் பார்த்து இடத்தை அறியும் சாதாரண மோட்டார் உள்ளது. அவற்றில் தண்டும் பட்டையும் பயன்படும். மோட்டாரைப் பயன்படுத்துவது தொடக்கநிலையினருக்குக் கடினம்.

உருக்கும் முனை மட்டும் எந்தக் குப்பையிலும் கிடைப்பதில்லை. 0.4 மி.மீ. துளையுள்ள பித்தளை முனை, அதைச் சூடாக்கும் கம்பி, வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் ஆகியவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது. பிஎல்ஏ பிளாஸ்டிக்குக்கு 190 முதல் 220 பாகை செல்சியஸ் வரை வெப்பம் தேவை. தெர்மிஸ்டர் தன் இடத்திலிருந்து கழன்றுவிட்டால், வெப்பம் போதவில்லை என்று எண்ணிப் பொறி மேலும் மேலும் சூடாக்கும், தீப்பிடிக்கவும் கூடும். மார்லின் மென்பொருளில் இதைக் கண்டறிந்து மின்சாரத்தை நிறுத்தும் வசதி உள்ளது. அதை அணைத்துவைக்கக் கூடாது.

தொடக்கூடாதவை

கழிவைப் பிரிப்பது பற்றிய காணொளிகள் பல, ஆபத்தைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றன. பின்வருவன எளிதாக எடுத்துக்கொள்ளத்தக்கவை அல்ல.

கணினியின் மின்வழங்கிப் பெட்டி மிகப் பயனுள்ளது. பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்தால் பெட்டி இயங்கத் தொடங்கும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் கிடைக்கும். அதை அப்படியே பயன்படுத்த வேண்டும். உறையைத் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் தங்கியிருக்கும்.

மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட் தருவது. அதைத் தொட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியும் அப்படியே. உயர் மின்னழுத்தத்தோடு கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. இவ்விரண்டும் மாணவர் கைக்கு உரியன அல்ல.

டிவிடி ரைட்டரின் சிவப்பு லேசர், மரத்தையும் தாளையும் கருக்கும் அளவு வலுவானது; கண் இமைக்கும் நேரத்தில் விழித்திரையைச் சுட்டுவிடும். சிடி ரைட்டரின் லேசர் அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது இன்னும் மோசம். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். பள்ளிகளில் பேனா வரைபொறியோடு நிறுத்திக்கொண்டு லேசரைத் தவிர்ப்பதே முறை. பிவிசி பிளாஸ்டிக்கை எந்த லேசராலும் சுடக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வெளிவரும்.

பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

இன்றைய நிலை

2013-இல் 2,000 டாலருக்கும் 100 டாலருக்கும் இடையே இருந்த இடைவெளி இன்று இல்லை. காப்புரிமை முடிந்தபின் சீன நிறுவனங்கள் ரெப்ராப் வடிவமைப்புகளை ஒட்டி மலிவான பொறிகளைச் செய்தன. 200 டாலருக்கும் குறைவான விலையில், பெட்டியைப் பிரித்தவுடன் ஓடும் முப்பரிமாண அச்சுப்பொறி இப்போது கிடைக்கிறது. ஏ4988 பலகை, புதிய மோட்டார் ஆகியவையும் விலை குறைந்துவிட்டன. ஆகவே அச்சிடுவது மட்டுமே நோக்கம் என்றால், பல வாரங்கள் செலவிட்டுக் கழிவிலிருந்து பொறி செய்வது சிக்கனம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அந்த விலை எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. கப்பல் செலவு, சுங்க வரி, இணையத்தில் பணம் செலுத்தும் வசதியின்மை ஆகியவற்றைச் சேர்த்தால் டோகோ போன்ற நாட்டில் அது பல மடங்காகும். பழுதானால் மாற்று உறுப்புக்காகப் பல வாரங்கள் காத்திருக்கவும் நேரும். கழிவிலிருந்து பொறியைச் செய்தவருக்கு அதன் ஒவ்வோர் உறுப்பும் தெரியும். இன்னொரு பழைய அச்சுப்பொறியைத் திறந்து மாற்றிக்கொள்வார். வாங்கிய பொறி நின்றுபோய் மூலையில் கிடக்கும் ஆய்வுக்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கழிவின் அளவைப் பொறுத்தவரை இம்முயற்சி ஒரு துளியே. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. வரைபொறிகள் செய்து இம்மலையைக் கரைக்க முடியாது.

மேலும், ஒரு டிவிடி டிரைவிலிருந்து மோட்டாரையும் தண்டையும் எடுத்தபின், எடையில் பெரும்பகுதி மிச்சமாகவே கிடக்கும். உறைத் தகட்டையும் இரும்புத் துண்டுகளையும் பழைய இரும்புக் கடை ஏற்கும். மின்சுற்றுப் பலகைகளையும் மின்கலங்களையும் அங்கே கொடுப்பதோ வீட்டுக் குப்பையில் போடுவதோ கூடாது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் வழியாகவே அவற்றைக் கையாள வேண்டும். ஒரு பள்ளியோ குழுவோ இத்தகைய பட்டறையைத் தொடங்கும்போது, பலகைகளைச் சேர்த்துவைக்க மூடியுள்ள பெட்டி ஒன்றையும், அது நிறைந்ததும் எடுத்துச் செல்லும் பதிவுபெற்ற நிறுவனம் எது என்பதையும் முதல் டிரைவைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.